சஹனில் ஆறாவது ஆள்

கற்பிட்டிக்கு நான் புறப்பட்டது டொல்பின் பார்க்க. போர் முடிந்த பிறகு கொழும்புக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் குவியத் தொடங்கியிருந்த கரை அது. மாத்தளையில் ஒரு பாடசாலை நூலகத்தில் புத்தகங்களுக்குத் தூசு தட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் ஓர் ஆசை வரக்கூடாதா? என் பள்ளித் தோழி பரீனா அந்தப் பகுதியில் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வாய் வலித்திருக்கும். கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் தோளில் பையும் கழுத்தில் இரவல் கமராவுமாகக் கிளம்பிவிட்டேன்.

குருநாகலில் பஸ் மாறினேன். அங்கிருந்து புத்தளம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர். நிக்கவெரட்டியவரைக்கும் தென்னந்தோட்டங்கள் விடாமல் கூட வந்தன. அதற்குப் பிறகு மரங்கள் குள்ளமாகி, மண் வெளுத்து, முகத்தில் அடிக்கும் காற்றில் உப்பு ஏறியது. பக்கத்தில் இருந்த வயதான வியாபாரி என் கமராவைப் பார்த்துவிட்டு, "டொல்பின் பாக்கவோ மகள்? விடியக்காலமயில போட்டில ஏறணும். வெயில் ஏறினா அதுகளும் நிக்காது, மனிசரும் நிக்க ஏலாது" என்றார். புத்தளத்தில் இறங்கிய உடனேயே அந்த வெயிலின் சுவை தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு வெளியே இரண்டு கழுதைகள் சுவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றன. நானும் அவற்றோடு போய் நின்றேன்.

பரீனா அலுவலக வாகனத்தில் வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, சுகம் விசாரிக்கவில்லை. இறங்கிய கையோடு கேட்ட முதல் கேள்வி இது: "உனக்குச் சின்னமுத்து வந்திரிக்கா?"

தமிழ்நாட்டில் தட்டம்மை என்கிறார்களே, அதைத்தான் இங்கே நாங்கள் சின்னமுத்து என்கிறோம். எனக்கு ஏழு வயதில் வந்தது, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன், பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததில் பரம சந்தோஷம் என்று சொன்னேன்.

"அப்ப நீ ஏறலாம். டொல்பின் பிறகு. குறிஞ்சிப்பிட்டியில ஒரு பிள்ளைக்கு நேத்து பரு போட்டிரிக்கி."

சாரதி சிங்களவர், அழகாகத் தமிழ் பேசுவார். "கவலப்பட வேணாம் நோனா, டொல்பின் எங்கயும் போகாது" என்று எனக்கு ஆறுதல் சொல்லி வண்டியை எடுத்தார்.

பாலாவிச் சந்தியில் வலது பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. இருபுறமும் உப்பளங்கள், அவற்றின் நடுவே வெள்ளைக் குவியல்கள். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அந்த மணலில் எப்படியோ பச்சையாக வெங்காயப் பாத்திகள். நான் ஜன்னலுக்கு வெளியே கமராவை நீட்ட, பரீனா பின்னால் இருந்து பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள். சின்னமுத்து காற்றால் பரவுவது. நோயாளி இருமிவிட்டு எழும்பிப் போன பிறகும் பூட்டிய அறைக்குள் இரண்டு மணித்தியாலம்வரை கிருமி நிற்கும். முகத்தில் பரு போடுவதற்கு நாலு நாள் முந்தியே பிள்ளை பரப்பத் தொடங்கிவிடும், அப்போது பார்க்கிறவர்களுக்கு அது வெறும் தடிமனும் காய்ச்சலும்தான். இதில் நல்ல செய்தி ஒன்றே ஒன்று: நோயாளியோடு இருந்தவர்களுக்கு எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

"எப்பயில இருந்து எழுபத்திரண்டு?"

"வியாழன் பகல். அந்தப் பிள்ள காய்ச்சலோட ஒரு விருந்துக்குப் போயிரிக்கி. நாளைக்குப் பகல் வரைக்கும்தான் நேரம். இரத்தம் கொழும்புக்குப் போயிரிக்கி. முடிவு வந்த பிறகு பாப்பம் எண்டு இருந்தா பிறகு பாக்க ஒண்டும் இரிக்காது."

டொல்பின் என்ற சொல் அதற்குப் பிறகு என் வாயில் வரவில்லை.

குறிஞ்சிப்பிட்டியில் நாங்கள் போய் இறங்கிய வீட்டில் சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. அந்த வீட்டின் கதையைச் சொல்லாமல் விருந்தைச் சொல்ல முடியாது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் அது. அகதிக் காம்பில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில், பிறகு இந்த மணலில் கிடுகுக் கொட்டில், பிறகு தகரம். போரும் முடிந்து, வெங்காயமும் ஒருமுறை கைகொடுத்து, இப்போதுதான் கல்வீடு எழும்பியிருந்தது. குடிபுகுந்த நாளில் ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். நோய் கண்ட பிள்ளை ஹப்ஸா, வீட்டுக்காரி சுபைதாவின் மச்சினனுடைய மகள், ஏழு வயது. பக்கத்து வளவில்தான் வீடு.

முற்றத்தில் ஒரு மனிதர் குனிந்து, தடியால் மணலில் பெரிய பெரிய வட்டங்கள் கீறிக்கொண்டிருந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமீம். அவரும் சிறுவயதில் மன்னாரிலிருந்து வெளியேறி வந்தவர்தான். ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் ஆறு சிப்பிகள். சுற்றிலும் ஊர்ச்சனம் நின்று ஆளுக்கு ஆள் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் முஸ்லிம் விருந்தென்றால் தனித்தனிக் கோப்பை இல்லை. சஹன் என்ற பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டதுபோல, "ஒரே தட்டில் சாப்பிட்டதால பரவினதோ சேர்?" என்று கேட்டேன். மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இல்ல மிஸ். சின்னமுத்துக்குச் சஹன் தேவையில்ல, காத்தே போதும். சஹன் எனக்குத்தான் தேவ. விருந்துக்கு ஆர் வந்த எண்டு கேட்டா, எல்லாரும் வந்த எண்டுதான் செல்லுவாங்க. ஒங்கட சஹனில ஆர் இருந்த எண்டு கேட்டா, அஞ்சு பேரையும் செல்லுவாங்க. நல்ல இறைச்சித் துண்ட ஆர் எடுத்த எண்டும் செல்லுவாங்க."

உண்மைதான். "என்ட வலப்பக்கம் லெப்பை, மத்தப் பக்கம் ஐஸ்காரர்" என்று ஒருவர் வந்து சிப்பியைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் தன் சிப்பியை அடுத்த வட்டத்துக்கு மாற்றி வைத்தார், ஏனென்றால் அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாமல் இடம் மாறி உட்கார்ந்தாராம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார். நேற்றுமுன்தினத்துப் பந்தல் முழுவதும் அந்த மணலில் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது. யார் யார் பிள்ளைக்குக் கிட்ட, யார் தூரம், யார் கைக்குழந்தைக்காரி, யார் காம்பில் பிறந்து ஊசி தவறியவர் என்று சமீம் பார்த்துப் பார்த்துச் சொல்ல, வேலியோரத்தில் மேரி மிஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சிலாபத்துக்காரர், குடும்பநல உத்தியோகத்தர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அவருடைய தராசில் தொங்கி வளர்ந்தவை. எனக்குப் புல்லரித்தது. ஒரு கிராமம் தன் ஞாபகத்தைக் கொட்டி ஒரு நோயை மறிக்கிறது. என் ஆயுளில் நான் பார்த்த எந்தக் கோட்டையும் எனக்கு இவ்வளவு வியப்பைத் தந்ததில்லை.

எல்லா வட்டமும் நிறைந்துவிட்டது, ஒன்றைத் தவிர. வீட்டுக்குள் பெண்களுக்கு வைத்த சஹன்களில் கடைசி, உள்ளறையில் வைத்தது. அதைச் சுற்றி ஐந்து சிப்பிதான் கிடந்தது. ஹப்ஸா வெளியே பந்தலில் வாப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. உள்ளறைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அதுவரைக்கும் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனாலும் சமீம் தடியை அந்த வட்டத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ராத்தா, இதில ஒரு ஆள் குறையுது."

"அஞ்சு பேர்தான் சமீம் தம்பி" என்றார் சுபைதா.

"அப்ப குறைச்சு வெச்ச சஹனோ?"

சுபைதாவின் முகம் சட்டென்று மாறியது. "ஆரு சொன்ன குறைச்சு எண்டு? இருவது வருசத்துக்குப் பிறகு ஒரு ஊட்டக் கட்டி, வந்த சனத்துக்குக் குறைச்சு வெப்பனா நான்? ஆறு பேர் நிறையாம எங்கட ஊட்டுல சஹனில கை வெக்கிறதில்ல!"

"அதத்தான் ராத்தா நானும் கேக்கிறன். அப்ப ஆறாவது ஆர்?"

பந்திக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்த சுபைதாவுக்கு அது தெரியவில்லை. உள்ளறையில் இருந்த ஐவரில் மூவர் சிலாபம் பக்கத்து உறவினர், அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்கள். ஒருத்தி காது மந்தமான முதியவள். மற்றவள் சுபைதாவின் கடைசித் தங்கை ரம்ஸியா.

நான் அங்கே நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மேரி மிஸ்ஸோடு பக்கத்து வளவுக்குப் போனேன். ஹப்ஸா பாயில் சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் செம்பருக்கள், கண் சிவந்து நீர் வடிந்தது. விற்றமின் குளிசையின் முனையை வெட்டி அவள் நாக்கில் மேரி மிஸ் பிழிந்துவிட, பிள்ளை முகத்தைச் சுளித்தாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாட்டுக் கதை. விருந்தில் என்ன தின்றாய் என்று கேட்டேன்.

"வட்டிலாப்பம்" என்றாள் கரகரத்த குரலில். பிறகு கொஞ்சம் பெருமையோடு, "ரெண்டு தரம்."

"ரெண்டு தரமா! வாப்பா தந்தாரா?"

"வாப்பாவோட ஒருக்கா. உள்ளுக்க ஒருக்கா. ரம்ஸியா சாச்சி பின்கதவால கூப்பிட்டா. ஒரு ஆள் குறையுதாம், வந்து குந்தட்டாம்."

மேரி மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஓடினேன், ஐம்பது வயதில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலி தாண்டி ஓடினேன்.

செய்தியைக் கேட்டதும் சமீம் ஆறாவது சிப்பியை எடுத்து வட்டத்தில் வைத்தார். பந்தலில் காற்றோட்டம் இருந்தது. உள்ளறையிலோ, பெண்கள் இருக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தித் திரையும் போட்டிருந்தார்கள். இருமிக்கொண்டிருந்த பிள்ளை அந்தப் பூட்டிய அறைக்குள் ரம்ஸியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரம்ஸியாவின் மடியில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. வழமையான ஊசிக்கு இன்னும் வயது வராத குழந்தை.

சுபைதா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவ வெள்ளிக்கிழமையே புரிசனோட உச்சமுனைக்குப் போயிட்டா" என்றார். "வாடிக்கு."

மீன்காலத்தில் கடலோரத்தில் கிடுகால் அடிக்கும் குடில்தான் வாடி. உச்சமுனை, கடலேரியான களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டு. கற்பிட்டியிலிருந்து போட்டில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. தொலைபேசி எடுபடவில்லை. அங்கே மணல்மேட்டில் ஏறி நின்றால்தான் அலை கிடைக்குமாம். பின்னேரக் காற்று அதற்குள் ஏறிவிட்டது, இனிக் கடலில் போட்டு இறங்காது என்றார்கள். சமீம் ஐஸ் வியாபாரியைப் பிடித்தார். விடிய முன்னம் வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகிற போட்டில் ஒரு சொல் போனது: மேரி மிஸ் வருகிறார், ரம்ஸியா பிள்ளையோடு அங்கேயே நிற்கட்டும், எங்கேயும் போக வேண்டாம். சிலாபத்துக்குப் போன மூவரையும் அங்குள்ள பரிசோதகர் அன்றைக்கே வீட்டில் போய்ப் பார்த்துவிட்டதாகப் பரீனாவுக்கு அழைப்பு வந்தது. அவள் பாத்திரம் கழுவிய செய்தியைக் கேட்பதுபோல "ம், சரி" என்று கேட்டுக்கொண்டாள். நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கற்பிட்டித் துறையில் டச்சுக் கோட்டை ஒரு பக்கம், கருவாட்டு மணம் மறுபக்கம். பரீனா கரையில் நின்று மற்றவர்களைப் பார்ப்பதென்றும், சமீமும் மேரி மிஸ்ஸும் தீவுக்குப் போவதென்றும் முடிவாகியிருந்தது. சுபைதா யாரிடமும் கேட்கவில்லை. வந்து போட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் ஏறினேன். மேரி மிஸ் ஊசிமருந்து இருந்த நீலநிறக் குளிர்ப்பெட்டியை மடியில் வைத்து, வெயில் படாமல் தன் குடையை அதற்குப் பிடித்தார். தன் தலைக்குப் பிடிக்கவில்லை.

அரைவழியில் படகோட்டி கையை நீட்டினார். டொல்பின்கள்! இரண்டு, மூன்று, பின்னால் ஒரு குட்டி. சாம்பல் முதுகுகள் எழும்பி எழும்பி மறைந்தன. எதற்காக மாத்தளையிலிருந்து வந்தேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. சமீம் மணிக்கூட்டைப் பார்த்தார். மேரி மிஸ் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். நான் சுபைதாவைப் பார்த்தேன், ஏனென்றால் அவர் அப்போது பேசத் தொடங்கியிருந்தார்.

"காம்புக்கு வந்த முதல் வருசம், எங்கட தம்பிக்குச் சின்னமுத்து வந்த. நான்தான் இடுப்பில வெச்சிட்டுத் திரிஞ்ச. ஒரு கொட்டிலுக்குள்ள மூணு குடும்பம், எல்லாப் புள்ளையளுக்கும் வந்த. மத்தப் புள்ளையள் எழும்பிட்டு. எங்கடவன் எழும்பல்ல. ரம்ஸியா அதுக்குப் பிறகு பொறந்தவ, அவனக் கண்டதில்ல. ஆனா உம்மா அழுறதக் கண்டு வளந்தவ." காற்றில் பறந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊடு கட்டின சந்தோசத்தில நான் கூப்பிட்டேனே அவள. கூப்பிடாம விட்டிருக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உச்சமுனை முதலில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பிறகு கிடுகுக் கூரைகள், காயும் வலைகள். பிறகு கரையில் ஓர் உருவம். ஐஸ் போட்டில் போன சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது! எங்கள் போட்டைக் கண்டதும் அந்த உருவம் தண்ணீருக்குள் இறங்கியது. நாங்கள் கரைக்குப் போகும்வரை பொறுக்க அவளால் முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில், குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரம்ஸியா எங்களை நோக்கி வந்தாள். எந்த நோய் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேரி மிஸ் வருகிறார் என்ற சொல்லே போதுமாக இருந்திருக்கிறது.

"நில்லு புள்ள! நாங்க வாறம், நீ நில்லு!" என்று மேரி மிஸ் கத்தினார்.

வாடி நிழலில் பாயை விரித்துக் குழந்தையைச் சோதித்தார்கள். காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. கொழுத்த தொடையில் ஊசி இறங்கியபோது ஆதில் என்ற அந்தச் சின்ன மனிதர் போட்ட கூச்சலில் வலையில் இருந்த காகங்கள் எழும்பின. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. ஊசி தவறியிருந்த வாடிப் பிள்ளைகளையும் மேரி மிஸ் விடவில்லை. திறந்த குப்பியை வீணாக்கக் கூடாதென்று துரத்தித் துரத்திப் பிடித்தார்.

"இனி வராதா சேர்?" என்று ரம்ஸியா கேட்டாள்.

சமீம் பொய் சொல்லவில்லை. "நேரத்தோட போட்டிரிக்கிறம். அல்லாஹ் காவல். ரெண்டு கிழமைக்குக் காய்ச்சல் வருதா எண்டு பாக்கணும். வந்தா ஒடன மணல்மேட்டில ஏறி எனக்கு எடுங்க. பிள்ளய எங்கயும் கொண்டு போக வேணாம். ஒரு வயசு தாண்டினா வழமையான ஊசியும் போடணும், விடக்கூடாது."

சுபைதா தங்கையின் ஈர உடம்பைக் கட்டிக்கொண்டு விம்மினார். "நான்தானே ராத்தா அவளக் கூப்பிட்ட, ஆள் குறையுது எண்டு" என்று ரம்ஸியா அழுதாள். ஒருத்தி விருந்துக்குக் கூப்பிட்டதற்காக, மற்றவள் ஒரு பிள்ளையைப் பந்தியில் சேர்த்ததற்காக. இரண்டுமே நல்ல மனதில் செய்தவை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிளேன்டீ குடிக்காமல் போட்டில் ஏறக்கூடாது என்று ரம்ஸியா மறித்தாள், குடித்தோம். தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்து என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள், ஆதிலின் படத்தை அச்செடுத்து அனுப்பச் சொல்லி. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாக எடுத்த ஒரே படம் அதுதான்.

திங்கட்கிழமை திரும்பினேன். மாத்தளையில் எங்கள் தெருமுனையில் ஒரு தாய்சேய் நிலையம் இருக்கிறது. கிழமைதோறும் தாய்மார் குழந்தைகளோடு வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். வருடக்கணக்காக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், வெற்றிலைக் கடையைத் தாண்டுவதுபோல. இப்போது நின்று பார்த்தேன். உள்ளே ஒரு குழந்தை ஊசிக்கு வீரிட்டது. கும்பிடத் தோன்றியது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

அந்த இரண்டு கிழமையும் தொலைபேசி அடித்தால் யாரென்று பார்க்காமலே பாய்ந்து எடுத்தேன். குறிஞ்சிப்பிட்டியில் ஹப்ஸா எழும்பி ஓடித்திரிகிறாள், வேறு யாருக்கும் பரு போடவில்லை என்று பரீனா சொன்னாள். உச்சமுனை பற்றிக் கேட்டால், "இன்னும் நாள் இரிக்கி" என்றாள். நானே ரம்ஸியாவை அழைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. மணல்மேட்டில் யாரும் இல்லை.

இரண்டு கிழமை கழிந்து ஒரு பகல், நூலகத்தில் இருக்கும்போது ரம்ஸியாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் முதலில் காற்றுச் சத்தம் மட்டும். மணல்மேட்டில் நிற்கிறாள் என்று விளங்கியதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். காய்ச்சல் வந்தால் மேட்டில் ஏறச் சொன்னாரே சமீம்.

"ரம்ஸியா? என்ன பிள்ள, என்ன நடந்த?"

காற்றுக்குள்ளே ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், மூச்சு வாங்க:

"ஒண்டுமில்ல ராத்தா. சும்மாதான் எடுத்தன்."